கிடாரமும் முறையும்: கல்முனைக் கரையோர ஊர்களின் நோன்புக் கஞ்சி

1961ஆம் ஆண்டில் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான அம்பாறையின் கரையோரம், தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறிமாறி வரும் நெடிய குடியிருப்புத் தொடராகும். பெரியநீலாவணையை அடுத்து மருதமுனை, அதன் தெற்கே பாண்டிருப்பு, பின்னர் கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனத் தொடரும் இவ்வரிசை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகியவற்றைக் கடந்து பொத்துவில் வரை நீள்கிறது. கிழக்கே கடலும் மேற்கே நெல்வயலும் எல்லையாக அமைந்த இந்த ஒடுங்கிய மணற்பாங்கான நிலத்தில், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்கள் அனைத்திலும் ரமழான் மாதம் முழுவதும் பள்ளிவாசல்தோறும் ஒரு பானம் காய்ச்சப்பட்டு, நோன்பு துறக்கும் நேரத்துக்கு முன்னரே வீடுகளுக்குப் பகிரப்படுகிறது. நோன்புக் கஞ்சி எனப்படும் அது உணவுக்கும் பானத்துக்கும் இடைப்பட்டது. சோறு கரையும் வரை காய்ச்சி, தேங்காய்ப்பாலும் வாசனைப் பொருட்களும் சேர்த்து, பகல் முழுவதும் நீரருந்தாத உடல் முதலில் ஏற்கத்தக்க பதத்தில் இறக்கப்படுவது.

இக்கஞ்சியின் வரலாற்றைச் சுவையின் வரலாறாக மட்டும் எழுதுவது போதாது. அருகிலுள்ள வயலின் அரிசியையும் வளவுத் தென்னையின் காயையும் கொண்டு, ஒரு மஹல்லாவுக்கு, அதாவது ஒரு பள்ளிவாசலைச் சார்ந்து வாழும் குடியிருப்புப் பகுதிக்கு, எவ்வளவு தேவையோ அவ்வளவே காய்ச்சப்படும் இந்தச் சிறிய ஆக்கம், விலைக்கு விற்கப்படாமலேயே தலைமுறைகள் பலவற்றைக் கடந்திருக்கிறது. அதைத் தாங்கி நின்றது ஒரு செல்வரின் கொடையன்று. முறைவைத்துப் பொறுப்பேற்கும் ஏற்பாடேயாகும். முப்பது நாட்களையும் குடும்பங்கள் தமக்குள் பங்கிட்டு, ஒருவர் ஒரு நாளின் செலவையும், இயலாதவர் இருவர் மூவராகச் சேர்ந்து ஒரு நாளின் செலவையும், அதற்கும் இயலாதவர் சில தேங்காய்களையோ ஒரு கட்டு விறகையோ ஏற்பது இதன் அடிப்படை. இன்று கொடுத்தவர் நாளை மற்றவரின் கஞ்சியைக் குடிக்கிறார். ஆகவே கொடுப்போர் ஒரு வகுப்பு, பெறுவோர் மற்றொரு வகுப்பு என்ற பிரிவு, கஞ்சி காய்ச்சும் பெரும்பாத்திரமான கிடாரத்தைச் சுற்றி உருவாவதில்லை.

நோன்புக் கால மக்களுக்குப் பொதுவில் கஞ்சி காய்ச்சும் வழக்கம் இக்கரைக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தின் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய கரையோர ஊர்களில் அது வேரூன்றியிருப்பதும், அங்கிருந்து கடல்கடந்து சென்ற தமிழ் முஸ்லிம்களோடு பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குச் சென்று இன்றும் அங்கு நிலைத்திருப்பதும் அறியப்பட்டவை. ஜாவாத் தீவின் செமாராங் நகரில் பெக்கோஜான் பள்ளிவாசலில் வழங்கப்படும் கஞ்சி, குஜராத் வணிகர் வழிவந்த மரபாகச் சொல்லப்படுவதோடு, இன்னும் விறகடுப்பிலேயே காய்ச்சப்படுகிறது. வங்காள விரிகுடாவிலும் அதற்கு அப்பாலும் சென்ற வணிகப் பாதையில் அரிசி, தேங்காய், மசாலா ஆகிய மூன்றும் நோன்பு துறக்கும் வேளையில் ஒன்றுகூடியிருப்பதை இவை காட்டுகின்றன. இதற்கு மாறான அமைப்பும் இஸ்லாமிய உலகில் உண்டு. உதுமானியப் பேரரசர் சுலைமானின் மனைவி ஹுர்ரம் சுல்தான் 1552இல் ஜெருசலேமில் நிறுவிய அன்னசாலை, பல கிராமங்களின் வருவாயை வக்பாக, அதாவது மீளப் பெறமுடியாத அறக்கொடையாக, எழுதிவைத்து, நாள்தோறும் இருவேளை ரொட்டியும் சூப்பும் வழங்க ஏற்பாடு செய்தது. அங்கே அரச குடும்பத்தின் பெயரில் ஒரு நிலையான சொத்து உணவளித்தது. கல்முனைக் கரையில் அத்தகைய பெருஞ்சொத்தின் துணையின்றி ஊரே ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கூடிக் கஞ்சியை உண்டாக்க வேண்டியிருந்தது.

அவ்வாறு கூடுவதற்கான அமைப்பு ஊரின் சமூகக் கட்டமைப்பிலேயே இருந்தது. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தியதாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. அதற்கு முன்னரும் கிழக்கில் முஸ்லிம் குடியிருப்புகள் இருந்தன. இப்பகுதியின் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பொதுவாகக் காணப்படும் தாய்வழிக் குடி முறை, இவ்விரு சமூகங்களின் நீண்ட நெருக்கத்துக்குச் சான்றாகும். குடி என்பது தாய்வழியாகத் தொடரும் வம்சம். பிள்ளை தாயின் குடியைச் சேரும். 1969 முதல் அக்கரைப்பற்றில் கள ஆய்வு நடத்தி, 2008இல் கிழக்கிலங்கைத் தமிழ், முஸ்லிம் சமூகங்கள் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்ட மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, கோவிலிலும் பள்ளிவாசலிலும் குடிகளே நிர்வாகத்தின் அலகாக அமைந்திருந்ததை விளக்கியிருக்கிறார். பள்ளிவாசலில் ஒவ்வொரு குடியின் சார்பிலும் அமர்ந்தவர் மரைக்காயர் எனப்பட்டார். ஊர்ப் பொதுக்காரியம் எதுவாயினும் அதன் சுமை குடிகளிடையே பகிரப்பட வேண்டும் என்ற எண்ணம் இந்த அமைப்போடு பிறந்தது. ரமழானின் நாட்களைப் பங்கிடுவதும் அதே எண்ணத்தின் நீட்சியே.

1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் பள்ளிவாசல்களைப் பதிவுசெய்வதையும், நம்பிக்கையாளர்களை, அதாவது பொறுப்பாண்மையாளர்களை, நியமிப்பதையும், கணக்குகளைப் பேணுவதையும் அரச ஒழுங்கின் கீழ்க் கொண்டுவந்தது. அதன்பின் மரைக்காயர்மாரின் இடத்தை மஹல்லாவாசிகள் தெரிவுசெய்யும் நிர்வாகச் சபைகள் படிப்படியாக எடுத்துக்கொண்டன. குடியின் அதிகாரம் தளர்ந்த பின்பும் கஞ்சியின் முறை தளராதது கவனிக்கத்தக்கது. குடிக்குப் பதிலாகத் தெருவும், தொழில் சார்ந்த குழுக்களும், வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளின் குடும்பங்களும் நாட்களை ஏற்றன. பட்டியலில் பெயர்கள் மாறின, பட்டியல் நிலைத்தது.

பொருளாகப் பங்கு கொடுக்கும் பழக்கம் இம்மக்களுக்கு வயலிலேயே பழகிப்போன ஒன்றாகும். இப்பகுதியில் நெற்பயிர்ச் செய்கையையே வேளாண்மை என்பர். நிலத்துக்குரிய போடியார், வயலை முன்னின்று பார்க்கும் முல்லைக்காரர், நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை எனப் பலருடைய உழைப்புக்கும் உரிமைக்கும் உரிய கூலி பணமாகவன்றி நெல்லாகவே நெடுங்காலம் அளக்கப்பட்டது. சூடு எனப்படும் கதிர்க்குவியலை மிதித்து, பொலி தூற்றி, நெல் அளக்கப்படும் களவெட்டியில் வறியவருக்கும் பள்ளிவாசலுக்கும் உரியது ஒதுக்கப்பட்ட பின்னரே எஞ்சியது வீடு சென்றது. கடற்பக்கத்தில் கரைவலை இழுப்போரிடையேயும் பிடிபட்ட மீன் பங்காகவே பிரிக்கப்பட்டது. களவெட்டியிலும் கரைவலையிலும் பங்கு என்பதை அறிந்த சமூகத்துக்கு, கிடாரத்தில் தன் பங்கைச் சேர்ப்பது விளக்கம் தேவைப்படாத செயலாயிற்று.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், இங்கினியாகலையில் எழுந்த அணையின் வழியாகச் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கி, இக்கரையோர ஊர்களின் மேற்கே உள்ள வயல்களுக்கும் பாசன நீரைக் கொண்டுவந்தபோது, பெரும்போகத்தோடு சிறுபோகமும் உறுதிப்பட்டது. ஐப்பசியில் விதைத்துத் தை மாதத்தின் பிற்பகுதி முதல் பங்குனி வரை அறுக்கப்படும் பெரும்போகம் மழையைச் சார்ந்தது; ஆவணி, புரட்டாதியில் அறுவடையாகும் சிறுபோகம் குளத்து நீரைச் சார்ந்தது. சந்திர மாதமான ரமழான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருவதால், கஞ்சிக்கான அரிசி ஒரு தலைமுறைக்குப் புதுநெல்லிலிருந்தும் இன்னொரு தலைமுறைக்குக் களஞ்சியத்தின் பழைய நெல்லிலிருந்தும் வந்தது. இரண்டு போகம் உறுதியானது இந்த இடைவெளியைக் குறைத்தது. நீர்ப்பாசனத் திட்டமொன்றின் வரலாற்றை எழுதுவோர் உற்பத்திப் பெருக்கத்தைக் கணக்கிடுவதோடு நின்றுவிடுகின்றனர். ஊர்ப் பொதுக்கிடாரத்தில் அது ஏற்படுத்திய மாற்றமும் அவ்வரலாற்றின் பகுதியேயாகும்.

இங்கே சமயச் சட்டத்தின் ஒரு நுட்பத்தையும் குறிப்பிட வேண்டும். விளைச்சலுக்கான ஸகாத், மழையாலும் தானே பாயும் நீராலும் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு, செலவுசெய்து இறைத்த நீரால் விளைந்ததற்கு இருபதில் ஒரு பங்கு. எனினும் ஸகாத்தைப் பெறத் தகுதியுடையோர் வறியோர், கடனாளிகள் உள்ளிட்ட எட்டு வகையினர் எனக் குர்ஆன் வரையறுத்திருப்பதால், செல்வரும் வறியவரும் ஒருங்கே குடிக்கும் கஞ்சிக்கு அதைப் பயன்படுத்த இயலாது. ஆகவே கஞ்சி எப்போதும் ஸதகா எனப்படும் விருப்பக் கொடையையே நம்பியிருந்தது. முதற்பார்வையில் இது குறைபாடாகத் தோன்றலாம். ஆனால் கஞ்சி வறியவருக்கான உதவி என்ற முத்திரையைப் பெறாமல் எல்லோரும் கூச்சமின்றி வாங்கக்கூடிய பொதுப் பானமாக இருப்பதற்கு இதுவே காரணம். கடைக்காரரின் வீட்டுச் சிறுவனும் கூலித் தொழிலாளியின் வீட்டுச் சிறுமியும் ஒரே வரிசையில் ஒரே கிடாரத்திலிருந்து ஏந்திச் செல்கின்றனர். உதவி என்று பெயரிட்டிருந்தால் அந்த வரிசை உடனே இரண்டாகியிருக்கும்.

ஆக்கும் முறை ஊருக்கு ஊர் சிறிது வேறுபட்டாலும் ஒழுங்கு ஒன்றே. நண்பகல் கடந்த ளுஹர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலின் பின்புறத்தில் கல்லடுப்பு மூட்டப்பட்டு, அகன்ற கிடாரத்தில் நீர் கொதிக்கத் தொடங்கியதும் கழுவிய பச்சரிசி இடப்படுகிறது. சில இடங்களில் வறுத்த பயறும் சேரும். தோல் நீக்கிய உள்ளி முழுப் பற்களாகவே இடப்படுகிறது; காய்ச்சி முடிவதற்குள் அது தானே கரைந்துவிடும். சிறிதாக நறுக்கிய இறைச்சி, இடித்த இஞ்சி, வெந்தயம், கறுவாப்பட்டை, ஏலம், கராம்பு, ரம்பை, கறிவேப்பிலை ஆகியவை அடுத்து வரும். ரம்பை என்பது தாழையினத்தைச் சேர்ந்த நீண்ட வாசனை இலை; தமிழகக் கஞ்சியிலிருந்து இலங்கைக் கஞ்சியை மணத்தாலேயே பிரித்தறியச் செய்வது அதுவே. வெந்தயத்தின் அளவு சமைப்பவரின் தேர்ச்சியைச் சோதிக்கும். கூடினால் கசக்கும், குறைந்தால் கஞ்சிக்கு வழுவழுப்பு இராது. தேங்காயின் இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும் அரிசியோடு கொதிக்க, கெட்டியான முதற்பால் மட்டும் தணல் தணிந்த பின் கடைசியில் ஊற்றப்படுகிறது. கொதியில் ஊற்றினால் பால் திரைந்து எண்ணெய் மேலே மிதக்கும். இவ்வளவு நேரமும் ஒருவர் நீண்ட மரத்துடுப்பால் அடியைத் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். நோன்போடு இருப்பவர் சுவைபார்ப்பதைத் தவிர்ப்பதால், உப்பின் அளவு கைப்பழக்கத்தாலும் மணத்தாலுமே தீர்மானிக்கப்படுகிறது. பிற்பகலின் அஸர் தொழுகையையொட்டிப் பகிர்வு தொடங்கும்.

இச்செயல்முறையில் வீணாவது மிகக் குறைவு. துருவிய தேங்காயின் சிரட்டையும் பொச்சும் அடுத்த நாளின் அடுப்புக்கு எரிபொருளாகின்றன. கழுவிய அரிசியின் கழுநீரும் பிழிந்த தேங்காய்ப்பூவும் ஆடுமாடுகளுக்குப் போகின்றன. வீடுகளின் எண்ணிக்கை அறிந்து அளவு வைக்கப்படுவதால் மீதியும் பெரிதாக இருப்பதில்லை. பெண்களின் பங்கு பள்ளிவாசலின் முன்வாசலில் தெரியாவிட்டாலும், உள்ளி உரிப்பது முதல் கஞ்சிக்குத் துணையான சம்பலும் சிற்றுண்டியும் ஆக்குவது வரை பெரும்பகுதி அவர்களுடைய உழைப்பே. தாய்வழி மரபில் வீடு மகளுக்கே சீதனமாகச் செல்வதால், சகோதரிகளின் வீடுகள் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவிலோ அமைவது இங்கு வழக்கம். ஒரு வீட்டுக்கு வந்த கஞ்சி வேலி கடந்து அடுத்த வீட்டுக்கும் போவதற்கு இந்தக் குடியிருப்பு முறை உதவியது.

வேலி கடப்பது ஊர் கடப்பதாகவும் நீண்டது. அயலிலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் உடன் வேலைசெய்வோருக்கும் நோன்புக் கஞ்சி அனுப்புவதும், தைப்பொங்கலன்றும் சித்திரை வருடப்பிறப்பன்றும் அங்கிருந்து பொங்கலும் பலகாரமும் வருவதும் இக்கரையின் பழைய வழக்கங்கள். கோவில்களில் கஞ்சி வார்ப்பது தமிழரிடமும் நிலைபெற்ற மரபாகும். யாழ்ப்பாணத்தில் சித்திரா பௌர்ணமியன்று சித்திரைக் கஞ்சி வார்ப்பதும், 2009இல் முடிந்த உள்நாட்டுப் போரின் இறுதி நாட்களை நினைவுகூர்ந்து மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்குவதும் அம்மரபில் அடங்கும். 1980களின் நடுப்பகுதியிலிருந்து இவ்விரு சமூகங்களுக்கிடையே இரத்தம் சிந்திய ஆண்டுகளில் வேலி கடந்த பகிர்வு பல இடங்களில் அறுந்தது. அது மீளத் தொடங்கிய இடங்களில் உணவே முதலில் கடந்தது என்பது இக்கரையோரத்தின் சமூக வரலாற்றை எழுதுவோர் சிறுசெய்தியாகக் கருதிவிடக்கூடாத ஒன்று.

முஸ்லிம் சமூகத்தின் உள்ளேயும் கஞ்சிக்கு ஒரு தனிநிலை உண்டு. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசலில், நாகூர் சாஹுல் ஹமீது ஒலியுல்லாஹ் என்னும் இறைநேசரின் பெயரில், ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக ஆண்டுதோறும் கொடியேற்று விழா நடைபெற்று, கந்தூரி எனப்படும் பொதுவிருந்தோடு நிறைவுறுகிறது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலுப்பெற்ற சீர்திருத்த இயக்கங்கள் கந்தூரியையும் கொடியேற்றத்தையும் சமய அடிப்படையில் மறுத்தன. தரீக்கா எனப்படும் சூஃபி நெறியினரும் சீர்திருத்த இயக்கத்தினரும் பல ஊர்களில் தனித்தனிப் பள்ளிவாசல்களாகப் பிரிந்தனர். ஆயினும் பிரிந்த பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் கிடாரம் ஏறியது. நோன்பாளிக்கு நோன்பு துறக்கக் கொடுப்பதன் நன்மையில் கருத்து வேறுபாடு இல்லாததால், கொள்கைப் பூசல்களால் தொடப்படாத பொதுவழக்கமாகக் கஞ்சி எஞ்சியது.

தமிழகத்தில் 2001 முதல் நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்கு மாநில அரசு பச்சரிசி வழங்கிவருகிறது. 2020இல் ஏறத்தாழ 2,900 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி ஒதுக்கப்பட்டது. இலங்கையில் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் வழியாகப் பள்ளிவாசல்களுக்கு வந்துசேர்வது பேரீச்சம்பழம். அரிசி ஊரின் பொறுப்பாகவே உள்ளது. அரச உதவி வறிய பள்ளிவாசல்களுக்குப் பேருதவி என்பதில் ஐயமில்லை. எனினும் அரிசி ஊரிலிருந்தே வர வேண்டியிருப்பது கிழக்கில் வயலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையிலான தொடர்பைக் காத்திருக்கிறது. ஒரு நாட்டின் பொருளாதாரம் சரியும்போது அந்தத் தொடர்பின் பெறுமதி தெரியவரும்.

அது தெரியவந்த காலமும் தொலைவில் இல்லை. 2020 ஏப்ரல் இறுதியில் ரமழான் தொடங்கியபோது பெருந்தொற்றுக்கான ஊரடங்கால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டு, கிடாரங்கள் ஏறாத நோன்பு வந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் அடுத்த பெரும்போகத்தின் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் ரமழான் வந்தபோது நாடு எரிவாயுவும் எரிபொருளும் பால்மாவும் இன்றித் தவித்தது. எரிவாயு அடுப்புக்கு முற்றிலும் மாறியிராத பொதுச் சமையலிடங்களுக்கு விறகு கைகொடுத்தது. முழு நாளை ஏற்க இயலாதவர்களை அரை நாளாகவும் கால் நாளாகவும் இணைக்க முறைவைப்பு இடந்தந்தது. 2025இன் தொடக்கத்தில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாவைத் தாண்டியபோதும் சுமையைப் பலராகப் பிரிப்பதே வழியாயிற்று. ஒரே கொடையாளரின் பெயர் பொறித்த பதாகையோடு மாதம் முழுவதும் கஞ்சி வழங்கும் புதிய போக்கு, பார்வைக்குப் பெருந்தன்மையாகத் தோன்றினாலும், அக்கொடையாளரின் வியாபாரம் நொடித்த ஆண்டில் ஊருக்கு எதையும் விட்டுவைக்காது.

பகிர்வில் நுழைந்த பிளாஸ்டிக்கே இவ்வழக்கத்தின் அண்மைக் காலத்து இழப்பு. முட்டியும் வாளியும் கேத்தலும் ஏந்திவந்த இடத்தில், வரிசையை விரைவாக்கும் பொருட்டுச் சூடான கஞ்சி மெல்லிய பொலித்தீன் பைகளில் கட்டிக் கொடுக்கப்படலாயிற்று. 2017 செப்டம்பரில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனையும் உணவு சுற்றும் தாள்களையும் ரெஜிபோம் பெட்டிகளையும் இலங்கை அரசு தடைசெய்த பின்பும் அவை முற்றாக ஒழியவில்லை. இம்மாவட்டத்தில் அதன் விளைவு கண்முன்னே உள்ளது. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை கொட்டப்படும் பள்ளக்காட்டில், உணவின் வாசனை ஏறிய பொலித்தீனைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 காட்டு யானைகள் இறந்ததாக 2022 ஜனவரியில் செய்திகள் வெளிவந்தன. நோன்பாளியின் தாகம் தீர்க்கும் புண்ணியத்துக்காகக் கொடுக்கப்பட்ட கஞ்சியின் பை, வாயில்லா உயிரொன்றின் குடலை அடைப்பதற்கு எந்தச் சமய நியாயமும் இல்லை. வீட்டுப் பாத்திரம் கொண்டுவருவோருக்கே கஞ்சி என்ற பழைய விதியை நிர்வாகச் சபைகள் மீளக் கொண்டுவருவதற்குப் பணமோ புதிய கருவியோ தேவையில்லை. அறிவிப்பொன்றும் சில நாட்கள் கண்டிப்பும் போதும்.

இனிவரும் ஆண்டுகளில் ரமழான் மாரியை நோக்கி நகர்கிறது. 2030இல் ஜனவரி முதல் வாரத்திலும் டிசம்பர் இறுதியிலுமாக ஒரே ஆண்டில் இருமுறை அது தொடங்கும். கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவமழை கனத்துப் பெய்வதும், வெள்ளம் வயல்களை மூடுவதும், பெரும்போக நெல் இன்னும் அறுவடையாகாதிருப்பதும் அக்காலத்திலேயே. கடைசியாக 2000ஆம் ஆண்டை ஒட்டிய ஆண்டுகளில் மாரிக்கால ரமழானில் கஞ்சி காய்ச்சியவர்களுள் பலர் இன்று முதியோர். ஈர விறகில் கிடாரத்தைக் கொதிக்கவைக்கும் பழக்கமும், சிறுபோக நெல்லைப் புரட்டாதியிலேயே பள்ளிவாசல் பங்காக ஒதுக்கிவைக்கும் பழக்கமும் அவர்களிடமே உள்ளன. அடுப்புக்குக் கூரையும், விறகுக்கு நனையாத கொட்டகையும், நெல்லுக்கு ஈரம் ஏறாத பெட்டகமும் ரமழான் மாரியின் உச்சத்தை எட்டுவதற்கு முன்னுள்ள இந்தச் சில ஆண்டுகளுக்குள் அமைக்கப்பட வேண்டியவை. அவற்றையும் நாட்களைப் போலவே குடும்பங்கள் பங்கிட்டு ஏற்கலாம்.